மாமியின் ரீவியும் எங்கள் அன்ரெனாவும்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் நாடு கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கை முழுக்க இருட்டு. நுளம்பு ஒரு பக்கம், புழுக்கம் ஒரு பக்கம், முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு பெரியவர்கள் திட்டுகிற சத்தம் இன்னொரு பக்கம். நான் என் திருத்தக் கடையின் பின்னறையில் ஒரு 12 வோல்ற் பற்றரியை என் ஹாம் ரேடியோவில், அதாவது தூரத்து ஆட்களோடு கதைக்கிற கருவியில், கொழுவி, ஹாம்காரர் கூடுகிற 7 மெகாஹேர்ட்ஸ் பக்கம் திருப்பினேன்.

வழக்கமாக அந்த இடத்தில் குளவிக்கூடு கலைந்த மாதிரி ஓர் இரைச்சல் இருக்கும். எல்.இ.டி. பல்புகள், போன் சார்ஜர்கள், யாரோ வீட்டுக் கூரையில் இருக்கிற சோலாரின் இன்வேட்டர் எல்லாம் சேர்ந்து போடுகிற சத்தம் அது. ரேடியோவில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற மீற்றர் முள் 7இலேயே நிற்கும். அன்றிரவு முள் 1க்குக் கீழே படுத்துக் கிடந்தது. அந்த அமைதிக்குள் இந்தோனேசியக்காரர் இரண்டு பேர் பக்கத்து அறையில் இருந்து கதைப்பது போலக் கேட்டார்கள். கொஞ்சம் தள்ளி, தமிழ்நாட்டில் ஒருவர் தன் வீட்டு மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று நண்பருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். "ஊரே அழுதுகொண்டு இருக்கிற நேரம் சிரிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான்" என்று வெளியே இருந்து மனைவி சொன்னா.

அந்த இரவு எனக்கு ஒன்றைக் காட்டித் தந்தது. எங்கள் ஹாம் சங்கத்தில் ஒவ்வொருவரும் "என் இடத்தில் ஒன்றும் கேட்குதில்லை" என்று வருடக்கணக்கில் அன்ரெனாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அன்ரெனாவில் பிழை இல்லை. அடுத்த வாரம் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தோம்: ரேடியோவைப் பற்றரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இரைச்சல் குறைந்தால் கள்வன் உங்கள் வீட்டுக்குள்தான். பிறகு ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டு, எந்த அறை, எந்தப் பொருள் என்று பிடியுங்கள். என் வீட்டில் பிடிபட்டது மகனின் போன் சார்ஜர். 300 ரூபாய்ச் சாமானுக்காக நான் மூன்று வருடம் கம்பி மாற்றியிருக்கிறேன்.

ஹாம் ரேடியோ என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் நீட்டி விளக்குவதில்லை. பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதிப்பத்திரம் எடுத்து, காசுக்காக இல்லாமல் ஆசைக்காக ரேடியோவில் கதைப்பது. ஒவ்வொருவருக்கும் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி இருக்கும். இலங்கைக்காரருடையது 4எஸ் என்று தொடங்கும்.

எனக்கு இந்தப் பைத்தியம் அப்பாவிடமிருந்து தொற்றியது. யுத்தம் நடந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரவு 9.15 ஆனால் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. பிபிசி தமிழோசை. சிற்றலை ஏறி இறங்கும். முக்கியமான ஊர்ப்பெயர் வருகிற நேரம் பார்த்துக் குரல் கடலுக்குள் போய்விடும். அப்பா ஏரியலில் செப்புக் கம்பியைச் சுற்றி ஜன்னலுக்கு வெளியே இழுத்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டே நிற்பார். நாளைக்கு எந்தப் பாதையால் போகலாம் என்பதை அந்தப் பெட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் அது. கேட்பதோடு சரி. கதைக்கிற கருவி ஒன்று வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ரேடியோவில் கதைப்பது எங்கள் வயதுக்காரருக்குக் கொஞ்சம் பயம் கலந்த விஷயமாகவே இருந்தது. இப்போதும் சிலருக்கு மைக்கை அழுத்தும்போது கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

திருகோணமலைக்கு ரேடியோ புதிதில்லை. ஊருக்கு வடக்கே டொய்ச்ச வெல்ல ஜெர்மன் வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையம் எத்தனையோ வருடம் இயங்கியது. பிறகு அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்தது. ஒவ்வொரு சிற்றலை ஒலிபரப்பியும் 250 கிலோவாட். நாங்கள் பாவிக்கிறது 100 வாட்டுக்குள். அந்த வேலையோடு தொடர்புள்ள ஒரு ஐயா எங்கள் சங்கத்தில் இருக்கிறார். நாங்கள் பத்து வாட்டில் ஜப்பானைப் பிடித்தோம் என்று துள்ளினால், பேரப்பிள்ளையின் கிறுக்கலைப் பார்ப்பது போலப் பார்த்துச் சிரிப்பார்.

சங்கம் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, தொடங்கும்போது நாங்கள் ஐந்து பேர். நான், அந்த ஐயா, கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு நானா, கணக்குப் படிப்பிக்கிற ஒரு மாஸ்டர், பலநாள் படகில் கடலுக்குப் போய் ஓய்ந்த ஒரு அண்ணர். அனுமதிப்பத்திரம் இருந்தது இரண்டு பேரிடம் மட்டும். மற்ற மூன்று பேரும் கேட்க மட்டும் செய்தோம், ஒன்றரை வருடம். படிகள் மூன்று: தொடக்கநிலை, பொதுநிலை, உயர்நிலை. மின்சுற்று, சட்டவிதி, அலைகள் பரவும் விதம், கதைக்கும் ஒழுங்கு என்று கேள்வி வரும். எனக்குக் கையால் ஈயம் வைத்து ஒட்டத் தெரியும், ஓமின் விதியைக் கணக்காகப் போடத் தெரியாது. மாஸ்டருக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு, ஒட்டுக்கோலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் என் கடையில் ஆளுக்காள் படிப்பித்தோம். இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் முதல் தடவை தோற்றுவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை மாஸ்டரும் நானும் சேர்ந்து தேறினோம். தனியாகப் படித்திருந்தால் தோல்வியோடு விட்டிருப்பேன்.

ஒரு பிழையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அனுமதிப்பத்திரம் கைக்கு வரமுன்னரே, டுபாயிலிருந்து வந்த மருமகனிடம் கையில் பிடித்துக் கதைக்கிற ரேடியோக் கைக்கருவிகள் இரண்டு வாங்கி வரச் சொன்னேன். விமான நிலையத்தில் அவை நின்றுவிட்டன. ரேடியோக் கருவி கொண்டுவர முன் அனுமதி வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. அதை வாசிக்காதது நான். பிள்ளை அரைநாள் அங்கே இருந்து பதில் சொல்லிவிட்டு வந்தான். இப்போது புதிதாக வருகிற யாருக்கும் நாங்கள் சொல்லும் ஒழுங்கு இதுதான்: முதலில் காது, பிறகு பரீட்சை, பிறகு கடிதம், கடைசியாகக் கருவி. ஆசை எல்லோரையும் தலைகீழாகத்தான் தள்ளும்.

அடுத்தது சந்தேகம். இது கடற்படைத் தளமும் விமானத் தளமும் உள்ள ஊர். பனையிலிருந்து பனைக்கு ஒரு கம்பி கட்டி, அதன் நடுவிலிருந்து கறுப்பு வயர் ஒன்று வீட்டுக்குள் போனால் யாருக்கும் வயிறு கலங்கும். கட்டி மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், ஆனால் என் மனைவி அன்றிரவு சாப்பிடவில்லை. அதன்பிறகு அனுமதிப்பத்திரத்தின் பிரதியைச் சட்டம் போட்டு ரேடியோவுக்கு மேலே மாட்டினேன். எங்காவது வெளியில் நிலையம் போடுவதென்றால் ஒரு கிழமைக்கு முன்னரே கிராம சேவகரிடமும் பொலிஸிலும் கடிதம் கொடுப்போம்: எந்த இடம், எத்தனை மணிக்கு, யார் யார், எந்த அலைவரிசை. கடிதத்தைச் சிங்களத்திலும் எழுத நானா உதவுவார். கடிதம் கேட்கப்படாத நாளிலும் கொடுப்போம். வருகிறவர்களுக்கு ஒரு ஹெட்போனைக் கொடுத்துக் கேட்கவிடுவோம். ஜப்பான்காரர் ஒருவர் தன் ஊர்க் காலநிலையைச் சொல்வதைக் கேட்ட பிறகு, பெரும்பாலும் "இவ்வளவுதானா?" என்ற முகம்தான்.

இதெல்லாவற்றையும் விடப் பெரிய வழக்கு பக்கத்து வீட்டு மாமியுடையது. இரவு நாடகம் பார்க்கும்போது ரீவியில் கோடு கோடாக ஓடுகிறது, நடுவில் என் குரல் வேறு கேட்கிறது என்று வேலியால் கூப்பிட்டா. "தம்பி, நீ ஆரோடயோ இங்கிலீசில கதைக்கிறது எங்கட ரீவிக்குள்ள வருகுது. அவள் அழுகிற நேரம் நீ ஓவர் ஓவர் எண்டு சொல்லுறாய்."

என்னுடைய முதல் பதில் மோசமானது. என் கருவி சரி, உங்கள் ரீவி அன்ரெனாவின் பூஸ்டர்தான் மலிவுச் சாமான் என்றேன். அது தொழில்நுட்பமாக உண்மை. ஆனால் மாமி இரண்டு மாதம் கதைக்கவில்லை, அவவின் மருமகனும் கடைக்கு வருவதை நிறுத்தினார். ஐயாதான் என்னைத் திட்டினார். "சரி, உன்ர பக்கம் நியாயம் இருக்கட்டும். நியாயத்தை வைச்சு அன்ரெனா கட்டப் போறியோ?" பிறகு செய்தவை இவை. அன்ரெனாவின் நடுப்பகுதியில், ரேடியோவுக்குக் கேபிள் இறங்கும் இடத்தில், அதே கேபிளை ஒரு சாண் விட்டத்தில் எட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டினேன். கேபிளின் வெளித்தோலால் ஓடி வீட்டுக்குள் வருகிற மின்னோட்டத்தை அது மறிக்கும். மாமி வீட்டுப் பூஸ்டர் வயரில், அதில் ஏறுகிற ரேடியோ அலையை மறிக்கிற ஒரு ஃபெரைட் வளையம் போட்டேன், காசு வாங்கவில்லை. கம்பியின் ஒரு முனையை அவ வீட்டுப் பக்கமிருந்து விலக்கினேன். அப்படியும் முழுதாகப் போகவில்லை. ஆகவே நாடக நேரத்தில் அனுப்புவதில்லை என்று முடிவு. அந்த இரண்டு மணித்தியாலம் நான் கேட்பேன், அல்லது ஒட்டுவேன். இதைத் தியாகம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் நான் நன்றாகக் கேட்கப் பழகியது அந்த நேரத்தில்தான்.

அன்ரெனா பற்றி ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எங்கள் வீம்பு முழுதாக உடைந்தது. 7 மெகாஹேர்ட்ஸுக்கு இருமுனைக் கம்பி, அதாவது நடுவில் கேபிள் பிடித்து இரண்டு பக்கமும் நீளுகிற அன்ரெனா, கட்டுவது சுலபம். 143ஐ அலைவரிசையால் வகுத்தால் மொத்த நீளம் மீற்றரில் வரும், 7.1க்கு ஏறத்தாழ 20 மீற்றர், பக்கத்துக்குப் பத்து. ஓர் அடி கூடவே வெட்டி, பிறகு அளக்கிற கருவியைப் பார்த்துப் பார்த்துக் குறைக்க வேண்டும். வெட்டிய கம்பி திரும்ப வளராது. கடல் அண்ணர் கெற்றப்போலில் ஓர் ஈயக்குண்டையும் மீன் பிடிக்கிற தங்கூசி நூலையும் வைத்து அடித்தார், இரண்டாவது அடியில் பனையின் உச்சியில் விழுந்தது. தங்கூசியால் நைலோன் கயிறு, கயிற்றால் கம்பி. உயர உயர நல்லது என்பது எங்கள் எண்ணம். அறுபது அடிக்கு மேலே ஏற்றிவிட்டு, கீழே நின்று அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்டோம்.

அவுஸ்திரேலியா கேட்டது. கொழும்பு கேட்கவில்லை.

ஒரு மாதம் மண்டையை உடைத்த பிறகு ஐயா ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். எங்களுடையது போல அரை அலைநீள உயரத்துக்குக் கிட்ட இருக்கிற கம்பி தன் சக்தியைத் தாழ்வான கோணத்தில் தூரத்துக்கு அனுப்பும். நேர் மேலே ஏறக்குறைய ஒன்றும் போகாது. கொழும்பு நேர்கோட்டில் 230 கிலோமீற்றர் அளவில்தான், நடுவில் காடும் மேடும் வேறு. அவ்வளவு கிட்டத்துக்குக் கதைக்க, அலை செங்குத்தாக மேலே போய், வானத்தில் மிக உயரே இருக்கிற அயனமண்டலம் என்ற படையில் பட்டு மழை போலத் திரும்ப நாட்டின் மேல் விழ வேண்டும். அதற்குக் கம்பி தாழ்வாக இருக்க வேண்டும். மனமில்லாமல் 18 அடிக்கு இறக்கினோம். அன்று பகல் 11 மணிக்குக் கொழும்பும் காலியும் கண்டியும் வரிசையாக வந்தன. இரவானால் அதே அலைவரிசை கிட்டத்தைத் தாண்டிப் பாயத் தொடங்கும், அப்போது 3.5 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். இப்போது கடையில் இரண்டு கம்பி: ஊருக்கு ஒன்று, உலகத்துக்கு ஒன்று.

உப்புக் காற்றைப் பற்றிக் கொழும்புக்காரரின் வழிகாட்டிகள் அவ்வளவு சொல்வதில்லை. இங்கே கொனெக்டர் ஒன்று ஒரு மாரிக்குள் பச்சையாகிவிடும். வெளியில் இருக்கிற ஒவ்வொரு பொருத்தையும் நன்றாக ஒட்டி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்கிற ரப்பர் ரேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண ரேப்பும் சுற்றுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையமுன் கீழ்நோக்கி ஒரு வளையம் விடுங்கள், தண்ணீர் அதில் சொட்டிப் போகும். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடி தொடங்க முன்னரே கேபிளைக் கழற்றிச் சுவருக்கு வெளியே போடுவது எனக்கு இப்போது செருப்பைக் கழற்றுவது மாதிரிப் பழக்கம்.

எங்கள் சங்கத்தின் முதுகெலும்பு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி வலை, அதாவது எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுகிற கூட்டம். ஒருவர் பதிவேட்டோடு இருந்து ஒவ்வொரு அழைப்புக்குறியாகக் கூப்பிடுவார்; ஒவ்வொருவரும் இருக்கிறேன் என்று சொல்லி, பற்றரி எத்தனை வோல்ற், மழை உண்டா என்று சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். பார்க்கச் சலிப்பான வேலை. பெடியன்கள் இரண்டு கிழமை வந்துவிட்டு நழுவுவார்கள். ஆனால் நானாவின் குரல் இரண்டு ஞாயிறு வராதபோதுதான் அவர் சுகமில்லாமல் ஆஸ்பத்திரியில் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு அவர் வீடு அரை மணித்தியால ஓட்டம்தான்; அன்று பின்னேரமே நால்வரும் போய்விட்டோம்.

கைக்கருவியால் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்விக்குப் பதில் எங்களுக்குக் கொட்டியாரக் குடா தந்தது. நான் உவர்மலை மேட்டில், அண்ணர் மூதூர் இறங்குதுறையில். 5 வாட், நடுவில் 14 கிலோமீற்றர் அளவு, முழுக்கத் தண்ணீர். பக்கத்தில் நிற்பது போலக் கேட்டது. அதே கருவியோடு கந்தளாய்ப் பக்கம் போனால் பாதி வழியிலேயே குரல் செத்துவிடும். கைக்கருவியின் அலைவரிசைக்குக் கடல் நண்பன், காடும் மேடும் பகை. ஆகவே தூரத்தை நாங்கள் கிலோமீற்றரில் எழுதாமல் ஊர் வரைபடத்தில் நிறமடித்து வைத்திருக்கிறோம்: இங்கிருந்து இது கேட்கும், இது கேட்காது. ஒரு மலிவு வேலையும் சொல்கிறேன். கைக்கருவியின் அன்ரெனா அடியில் உள்ள உலோக வளையத்தோடு 49 சென்ரிமீற்றர் வயர் ஒன்றைத் தொடுத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். அவலட்சணமாக இருக்கும், ஆனால் கேட்காத இடத்தில் கேட்கும்.

அண்ணரின் நண்பர்கள் சிலர் இதைப் பார்த்துவிட்டு, படகுக்கும் வீட்டுக்கும் கதைக்க எங்களுடைய அலைவரிசையைத் தரச் சொன்னார்கள். கடல்காரருக்கு மறுப்புச் சொல்வது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது, அதுவும் அண்ணருக்கு. கடலுக்கென்று வேறு அலைவரிசை, வேறு அனுமதி. ஆபத்துக்கு 16ஆம் சானல் இருக்கிறது, அதைக் கேட்கக் கரையில் ஆள் இருக்கிறது. எங்களுடையதில் கூப்பிட்டால் ஒருவேளை யாரும் கேட்காமல் போகலாம் என்று அண்ணரே விளக்கினார்.

அவசரகாலப் பயிற்சிக்கு வருகிறேன். 2004 டிசெம்பர் 26 பற்றித் திருகோணமலைக்காரனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அன்று நான் ஹாம் இல்லை; போன் எடுத்து எடுத்துக் களைத்த ஆயிரம் பேரில் ஒருவன். பிறகுதான் தெரிந்தது, விக்டர் குணதிலக்க, அழைப்புக்குறி 4எஸ்7விகே, அவரும் ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்கா நண்பர்களும் அம்பாந்தோட்டையையும் கொழும்பில் பிரதமரின் வாசஸ்தலத்தையும் சிற்றலையில் இணைத்துச் செய்தி கொடுத்தார்கள் என்று. வங்கக் கடலின் மறுபக்கம் அந்தமானில், பாரதி பிரசாத் என்ற இந்திய ஹாம் பெண், வேறொரு வானொலிப் பயணத்துக்காகப் போர்ட் பிளேயருக்குப் போயிருந்தவர், அந்தத் தீவுகளின் செய்திகளை வெளியே கொண்டுவந்தார். இதைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் உள்ளே வந்தோம். ஆனால் கதை கேட்டு வருவதும் வேலை செய்வதும் வேறு வேறு.

முதல் பயிற்சியில் ஒரு கற்பனை முகாமிலிருந்து "எழுபது பாய், ஐம்பது போர்வை" தேவை என்று செய்தி போனது. மறுமுனையில் எழுதியது "ஐம்பது பாய், அறுபது போர்வை". யாரும் குழப்படி செய்யவில்லை. தமிழில் இருபதிலிருந்து எண்பது வரை எல்லாமே "பது" என்று முடிகிறது. இரைச்சலில் முன்பாதி மறைந்தால் மிஞ்சுவது அந்த வால் மட்டும். இங்கிலீசு வழிகாட்டிகளில் இதற்குப் பதில் இல்லை. ஆகவே இலக்கத்தை எப்போதும் ஒவ்வொன்றாகச் சொல்வது என்று வைத்தோம்: ஏழு, சைபர். பெயர்களுக்கு வேறு சிக்கல். எங்கள் ஊரில் ஒரே தெருவில் நான்கு யோகேஸ்வரி இருப்பார்கள், தலையெழுத்தில்தான் வித்தியாசம். அதற்கு முதலாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தோம்: அ, அம்மா, ஆ, ஆடு, இ, இலை. ஐம்பது வயது மனிதர் மைக்கில் "ஆடு" என்று கத்துவது சிரிப்பாகத்தான் இருக்கும். பிழை வருவதில்லை.

2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு புரவி சூறாவளி எங்களுக்கு வடக்கே கரை ஏறியது. இதற்காகத்தானே இவ்வளவு நாளும் என்று நினைத்தோம். காற்றுக்குப் பயந்து பின்னேரமே கம்பிகளை இறக்கிப் பத்திரமாகச் சுருட்டி வைத்தோம். இரவு பத்து மணிக்கு, நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பற்றரிகளோடும், வேலை செய்கிற ரேடியோக்களோடும், ஓர் அன்ரெனாவும் இல்லாமல் ஐந்து பேரும் ஐந்து வீட்டில் உட்கார்ந்திருந்தோம். நல்லவேளை, போன் வேலை செய்தது. எங்களை யாரும் தேடவில்லை. அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இப்போது ஒவ்வொருவர் வீட்டிலும் விறாந்தைத் தீராந்தியின் கீழ் எப்போதும் கட்டியிருக்கிற தாழ்வான கம்பி. அது நல்ல அன்ரெனா இல்லை. இருக்கிற அன்ரெனா. பற்றரிப் பக்கமும் ஒன்று கற்றோம்: 100 வாட் கருவி அனுப்பும்போது 20 அம்பியர் இழுக்கும். மெல்லிய வயர் போட்டால் பற்றரியில் 12.5 வோல்ற் காட்டும், கருவியில் 11 காட்டி அணைந்துபோகும். தடித்த வயர், குட்டை வயர், இரண்டு கம்பியிலும் பியூஸ், 20 வாட்டுக்குள் கதை.

ஒக்டோபர் மூன்றாம் வார இறுதியில் உலகம் முழுக்கச் சாரணர்கள் ஹாம் நிலையங்களில் வந்து கதைப்பார்கள். எங்களுக்கு அது மாரி தொடங்குகிற நேரம். ஒரு வருடம் கடற்கரைப் பக்கம் ஒரு திடலில் கூடாரமடித்து, மூங்கில் கம்பத்தை மூன்று கயிற்றால் இழுத்துக் கட்டினோம். மழைக்கு எல்லா ஆயத்தமும் இருந்தது. மான்களை மறந்துவிட்டோம். திருகோணமலை ரவுணுக்குள் மான் திரிவது வெளியூராருக்கு அதிசயம். எங்களுக்குக் கட்டாக்காலி மாடு மாதிரி. விடியப்புறம் மூன்று மணிக்கு ஒரு கிளைக்கொம்பன் கயிற்றில் கொம்பைக் கொழுவி இழுத்ததில், கம்பம் கூடாரத்துக்கு மேல் சாய்ந்தது. உள்ளே இருந்த சாரணப் பொடியன் பின்லாந்துக்காரரிடம் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். மானுக்கும் ஒன்றுமில்லை, பொடியனுக்கும் ஒன்றுமில்லை. இப்போது கயிறுகளில் ஒரு முழத்துக்கு ஒரு வெள்ளைச் சொப்பிங் பை கட்டுகிறோம். தூரத்தில் இருந்து பார்த்தால் நேர்த்திக்கடன் கட்டிய மரம் மாதிரி இருக்கும்.

பிள்ளைகளை இழுப்பதற்குப் போட்டிகளையும் சான்றிதழ்களையும் நம்பிப் பார்த்தோம், பெரிதாகப் பலிக்கவில்லை. பலித்தது விண்வெளி நிலையம். இரும்பு அளவு நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, பி.வி.சி. குழாயில் பொருத்தினால் கையில் பிடிக்கிற அன்ரெனா ஆகிவிடும். சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலால் போகிற பத்து நிமிடம், 145.800 மெகாஹேர்ட்ஸில் சில நாட்களில் படங்களை ஒலியாக அனுப்பும். போனில் ஒரு செயலியை வைத்து அந்தக் கீச்சொலியைப் பிடித்தால் வரி வரியாகப் படம் விழும். பள்ளிக்கூட மைதானத்தில் முப்பது பிள்ளைகள் மூச்சுவிடாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். அதில் ஒரு பிள்ளை, பதினொன்றாம் வகுப்பு, அடுத்த ஞாயிறே கொப்பியோடு கடைக்கு வந்தாள். "சேர், படம் பாதியில் கோணலாப் போனது ஏன்?" விடை எனக்கும் உடனே தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தேடினோம். அவளுடைய கேட்டல் பதிவேட்டில் இப்போது நாற்பது நாடுகளுக்கு மேல். ஹாம்காரர் உலகப் படத்தைச் சதுரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், கொழும்பு எம்ஜே சதுரத்தில் இருக்க, 80 பாகை நெடுங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊர் என்ஜே08 என்ற வேறொரு சதுரத்தில் விழுகிறது, அதனால் சதுரங்களைச் சேர்க்கிற வெளிநாட்டுக்காரருக்கு எங்களைத் தேடிப் பிடிக்க ஆசை என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவள்தான்.

காசு விஷயம் சுருக்கமாக. மாதச் சந்தா கொஞ்சம்தான், ஆனால் பொதுக்காசில் வாங்கிய ரேடியோ யார் வீட்டில் இருப்பது என்பதில் ஒரு நல்ல மனிதரை இழந்தோம். பொதுச் சாமான் பொது இடத்தில் இருக்க வேண்டும். யார் எடுத்தது, எப்போது திருப்பியது என்று ஒரு கொப்பி வேண்டும். நட்பு இருக்கும்போது கொப்பி எதற்கு என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

தமிழ்நாட்டு நண்பர்களோடு பின்னேரங்களில் 7 மெகாஹேர்ட்ஸில் கதைப்பதுண்டு. "நீங்க பேசுற தமிழ் கேக்க நல்லா இருக்கு சார், ஆனா பாதிதான் புரியுது" என்றார் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர். "எங்களுக்கு விளங்குது, ஆனால் நீங்கள் ஓடுகிறீர்கள்" என்றேன். மைக்கை விட்டுவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம், பிறகு கடலில் மீன் எப்படி என்று அவர் கேட்டார்.

போன மாரியில் ஒரு நாள், விடிய ஐந்தரை இருக்கும், போன் அடித்தது. பக்கத்து வீட்டு மாமி. "தம்பி, உன்ர கம்பி ஒரு பக்கம் அறுந்து எங்கட வளவுக்குள்ள கிடக்குது. நாய் இழுக்கப் பார்க்குது, நான் தும்புத்தடியோட நிக்கிறன். கெதியா வா. இண்டைக்கு ஞாயிறெல்லோ, எட்டு மணிக்கு உங்களுக்குக் கூட்டம் இருக்கு."

ரோச்சையும் குறட்டையும் எடுத்துக்கொண்டு மழைக்குள் ஓடினேன்.